சாம்போ தின்ற 169 தோசை

வரலாற்றில் குள்ளஞ்சாவடிக்கு ஓர் இடம் கொடுங்கள் என்று கேட்டால் யாரும் கொடுக்கப்போவதில்லை. கிளைவ் கடலூர் வரை வந்தான், செயின்ட் டேவிட் கோட்டையில் உட்கார்ந்தான், எங்கள் பக்கம் திரும்பிப் பார்த்ததாகத் தகவல் இல்லை. வள்ளலார் வடலூரைத் தேர்ந்தெடுத்துக்கொண்டார். நிலக்கரி நெய்வேலிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. பலாப்பழத்தின் புகழைப் பண்ருட்டி சுருட்டிக்கொண்டது. எங்களுக்கு மிஞ்சியது கடலூர்–விருத்தாசலம் சாலையில் ஒரு பஸ் நிறுத்தமும், சுற்றிலும் முந்திரிக்காடும்தான். ஆகவே வரலாற்றில் எங்களுக்கு உண்டான இடத்தை நானே எடுத்துக்கொள்கிறேன். கேட்பாரில்லை.

1898-ஆம் ஆண்டு. கொடைக்கானல் ரோடு ஸ்டேஷனிலிருந்து சென்னைக்கு ஒரு வெள்ளைக்கார அம்மாள் ரயிலில் வருகிறார். பெயர் ஹெலன் பானர்மேன். எடின்பரோக்காரர். கணவர் இந்திய மருத்துவப் பணியில் டாக்டர். சென்னை வெயில் பிள்ளைகளுக்கு ஆகாது என்று இரண்டு பெண்களைக் கொடைக்கானல் குளிரில் விட்டுவிட்டுத் தனியாகத் திரும்புகிறார். பிள்ளைகளின் ஞாபகம், பொழுதும் போகவில்லை. காகிதத்தை எடுத்து ஒரு கதை எழுதிப் படமும் போட்டார் என்பதுதான் வழிவழியாகச் சொல்லப்படும் கதை. அன்றைக்கு விருத்தாசலம் வழியாகப் போகும் கார்டு லைன் கிடையாது. திருச்சி, தஞ்சாவூர், மாயவரம், சிதம்பரம், கடலூர், விழுப்புரம் என்று மெயின் லைன்தான். அதாவது, அந்த அம்மாள் கையில் பென்சிலோடு எங்கள் ஊருக்குச் சைக்கிள் தூரத்தில் கடந்து போயிருக்கிறார். திருச்சியிலிருந்து ஈரோடு சுற்றியும் போயிருக்கலாமே என்று ஒரு நண்பர் கேட்டார். ஊர்ப்பற்று இல்லாதவர்களிடம் நான் வரலாறு பேசுவதில்லை.

அந்தக் கதைதான் ‘லிட்டில் பிளாக் சாம்போ’. உலகச் சாப்பாட்டுக் கடைகளின் போர்டுகளிலும், மாவுப் பாக்கெட்டுகளிலும், காபி பாட்டில்களிலும் கறுப்பும் பழுப்புமாகச் சிரித்துக்கொண்டு நின்ற கூட்டத்தில் நம்ம ஊர்ப் பையனும் ஒருவன் என்பது பலருக்குத் தெரியாது. தெரிந்தவர்களும் வெளியே சொல்வதில்லை.

கதை இவ்வளவுதான். தென்னிந்தியப் பையன் ஒருவன். அம்மா சிவப்புக் கோட்டும் நீல நிறக் கால்சட்டையும் தைத்துக் கொடுக்கிறாள். அப்பா கடைத்தெருவில் பச்சைக் குடையும் ஊதா நிறச் செருப்பும் வாங்கித் தருகிறார். பையன் ஜானவாச மாப்பிள்ளை மாதிரி எல்லாவற்றையும் போட்டுக்கொண்டு காட்டுக்குள் நடக்கிறான். கதையின் நம்பமுடியாத பகுதி புலி அல்ல, இதுதான். எங்கள் பக்கத்து அம்மா எவளாவது புதுத்துணியைப் போட்டுக்கொண்டு காட்டுக்குப் போக விடுவாளா? நான்கு புலிகள் வரிசையாக வந்து வழிமறிக்கின்றன. ஒன்றுக்குக் கோட்டு, ஒன்றுக்குக் கால்சட்டை என்று லஞ்சம் கொடுத்துத் தப்பிக்கிறான். மூன்றாவது புலி, எனக்குக் கால் நான்கு, செருப்பு இரண்டுதானே என்று நியாயம் பேசுகிறது. காதில் மாட்டிக்கொள் என்று பையன் யோசனை சொல்கிறான். நான்காவதுக்குக் குடையை வாலில் பிடித்துக்கொள்ளச் சொல்லிக் கற்றுக்கொடுக்கிறான். வயதை மீறிய புத்தி. இன்றைக்கு இருந்திருந்தால் ஏதாவது ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் செயலாளர் ஆகியிருப்பான்.

பிறகு புலிகளுக்குள் யார் அழகு என்று சண்டை. ஒன்றின் வாலை ஒன்று கவ்விக்கொண்டு மரத்தைச் சுற்றிச் சுற்றி ஓடி, ஓடி, நெய்யாக உருகிவிடுகின்றன. வேலைமுடிந்து வீட்டுக்கு வரும் அப்பா அதைப் பித்தளைப் பானையில் அள்ளிக்கொண்டு போகிறார். கத்திரி வெயிலில் கடலூர் மாவட்டத்தில் நின்றவர்களுக்குப் புலி உருகுவதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. அம்மா அந்த நெய்யில் பான்கேக் சுடுகிறாள். முட்டை, மாவு, பால், சர்க்கரை போட்ட இனிப்புத் தோசை என்று வைத்துக்கொள்ளுங்கள். அம்மா 27 தின்கிறாள், அப்பா 55, பையன் 169. மூன்றையும் கூட்டினால் 251. எந்தத் தோசைக்கல்லும் ஒரே மாலையில் இதைத் தாங்காது. ஆனால் பசியோடு வந்த பிள்ளையின் கணக்கை நான் ஒருநாளும் கேள்வி கேட்கமாட்டேன்.

இதில் குற்றம் எங்கே என்று கேட்பீர்கள். இரண்டு இடத்தில். ஒன்று, படம். அம்மையார் தானே வரைந்தார். கரிக்கட்டை முகம், முட்டைக்கண், தடித்த உதடு. கொடைக்கானலிலிருந்து சென்னை வரைக்கும் இத்தனை தமிழ் முகங்களை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே வந்தவர், அதில் ஒன்றைக்கூட வரையவில்லை. லண்டன் பொம்மைக்கடையில் பார்த்ததை வரைந்துவிட்டார். இரண்டு, பெயர். சாம்போ என்பது அட்லாண்டிக்குக்கு அந்தப்பக்கம் கறுப்பின மக்களை இழிவாகக் கூப்பிட அதற்கு முன்பே புழங்கிய பெயர். அப்பா பிளாக் ஜம்போ, அம்மா பிளாக் மம்போ. குடும்ப அட்டைக்கு மனுக் கொடுத்தால் தாசில்தார் ஆபீசில் சிரிப்பார்கள்.

மூன்றாவது தவறு வியாபாரம் சம்பந்தப்பட்டது. கையெழுத்துப் பிரதியை ஒரு சிநேகிதி லண்டனுக்கு எடுத்துப் போனார். கிராண்ட் ரிச்சர்ட்ஸ் என்ற பதிப்பாளர் 1899-ல் புத்தகம் போட்டார். காப்புரிமைக்கு விலை ஐந்து பவுண்டு. மொத்தமாக, முடிந்தது. அதன்பிறகு புத்தகம் லட்சக்கணக்கில் விற்றாலும் அம்மையாருக்கு அதில் காலணா இல்லை. அதைவிட மோசம், யார் வேண்டுமானாலும் எப்படி வேண்டுமானாலும் படம் மாற்றிப் போடலாம் என்றாகிவிட்டது. அமெரிக்கப் பதிப்பாளர்கள் பையனைத் தூக்கிப் பருத்தித் தோட்டத்தில் நிறுத்தினார்கள். புலிக்கும் பருத்திக்கும் என்ன சம்பந்தம், அமெரிக்காவில் ஏது புலி, அங்கே யார் வீட்டில் நெய் உருக்குகிறார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. பாஸ்போர்ட் இல்லாமல் அமெரிக்கா போய்ச் சேர்ந்த முதல் தமிழ்ப் பையன் இவன்தான். போன இடத்தில் வேறொரு இனத்தை இழிவுபடுத்தும் வேலையில் சேர்த்துவிட்டார்கள். 1932-லேயே கறுப்பினக் கவிஞர் லாங்ஸ்டன் ஹியூஸ், இந்தப் புத்தகம் கறுப்புக் குழந்தைகளைக் காயப்படுத்துகிறது என்று எழுதினார்.

வெகுகாலம் கழித்து, 1996-ல், பிராயச்சித்தமாக ஒரு பதிப்பு வந்தது. இந்தியப் படங்கள், இந்தியப் பெயர்கள். பையனுக்கு பாபாஜி, அப்பாவுக்குப் பாப்பாஜி, அம்மாவுக்கு மாமாஜி. வடக்கே மாமாஜி என்றால் தாய்மாமன். திருத்த வந்தவர்கள் அம்மாவுக்கு மீசை வைத்துவிட்டுப் போனார்கள். நல்லெண்ணத்துக்கும் கொஞ்சம் விசாரணை வேண்டும்.

இனி 1957-க்கு வருவோம். அந்த வருஷத்தில் மூன்று காரியங்கள் நடந்தன. மூன்றையும் ஒரே பந்தியில் உட்காரவைக்கும் துணிச்சல் எனக்கு மட்டும்தான் உண்டு.

முதலாவது எங்கள் பக்கத்துக் காரியம். மே 20-ஆம் தேதி நேரு நெய்வேலிக்கு வந்து சுரங்கத்தைத் தொடங்கிவைத்தார். ஜம்புலிங்க முதலியார் நிலத்தில் கிணறு தோண்டும்போது கறுப்பாய் ஏதோ கிளம்பியதில் ஆரம்பித்த கதை அது. நிலக்கரியிலும் எங்களுடையது கறுப்பு இல்லை, பழுப்பு. அதற்கும் ஒரு படி இறக்கித்தான் பெயர் வைத்திருக்கிறார்கள். பிறகு ஜெர்மனியிலிருந்து ராட்சச மண்வெட்டி இயந்திரங்கள் வந்தன. ரஷ்யாவின் உதவியோடு அனல்மின் நிலையம் வந்தது, கூடவே ரஷ்ய இன்ஜினியர்கள் வந்தார்கள். வெள்ளையாக, சிவந்த மூக்கோடு, எங்கள் வெயிலில் வதங்கிக்கொண்டு நடந்தார்கள். ஆனால் அவர்களில் ஒருவரை வரைந்து, மூக்கைப் பெரிதாக்கி, ‘இவான் மாமா மசால்வடை’ என்று எந்தக் கடைக்காரரும் போர்டு வைத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. கேலி செய்யத் தெரியாதவர்கள் இல்லை நாங்கள். பட்டப்பெயர் வைப்பதில் எங்கள் ஊருக்குத் தனித் திறமை உண்டு. ஆனால் பட்டப்பெயரைப் போர்டாக்கிக் காசு பார்க்க, கூப்பிடுகிறவன் மேலேயும் கூப்பிடப்படுகிறவன் கீழேயும் இருக்கவேண்டும். ரஷ்யர் மேலே இருந்தார். வடை தப்பித்தது.

இரண்டாவது, ஜூன் மாதம், கலிபோர்னியாவில் சாண்டா பார்பரா கடற்கரை ஓரம். சாம் பாட்டிஸ்டோன், நியூவெல் போநெட் என்று இரண்டு பேர் சேர்ந்து பான்கேக் கடை திறந்தார்கள். சாம் முழுதாக, போநெட்டில் முன்பாதி சேர்த்து ‘சாம்போஸ்’. பெயர் தற்செயலாக அமைந்துவிட்டது என்றார்கள். அமைந்தபிறகு சுவரெல்லாம் பையன், புலி, குடை என்று நம்ம கதையை வரைந்து வைத்ததும் தற்செயல்தான் போலிருக்கிறது. ஆரம்பத்தில் கறுப்பாக இருந்த பையன் வருஷம் போகப்போக வெளுத்தான். அறுபதுகளில் நல்ல சிவப்பாகி, தலையில் ரத்தினம் பதித்த தலைப்பாகையோடு ராஜகுமாரன் ஆகிவிட்டான். சில வாரத்தில் சிவப்பழகு என்று நம்ம ஊர் கிரீம்கள் சொன்னதை அவர்கள் சில வருஷத்தில் சாதித்தார்கள்.

மூன்றாவது, சென்னை திருவல்லிக்கேணி. முரளி கபே என்ற ஓட்டலின் போர்டில் ‘பிராமணாள்’ என்ற சொல் இருந்தது. அதை எடுக்கச் சொல்லிப் பெரியாரின் தொண்டர்கள் தினமும் கடை முன்னால் போய் நின்றார்கள், தினமும் கைதானார்கள். மாதக்கணக்கில் நடந்தது. கடைசியில் அந்தச் சொல் இறங்கியது.

சாப்பாட்டுக் கடைப் போர்டுக்கும் இனத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்களுக்கு இந்த மூன்றாவது கதையைத்தான் நான் சொல்வேன். படம் இல்லாத சின்னம் அது. ஆனால் வேலை ஒன்றுதான்: உள்ளே யாருடைய கை சமைக்கிறது என்று வாசலிலேயே சொல்லிவிடுவது. அமெரிக்க வெள்ளைக்காரருக்குப் பரிமாறுகிறவர் தனக்குக் கீழே இருந்தால்தான் சோறு இறங்கியது. நம்ம ஆட்களுக்குச் சமைக்கிறவர் தனக்கு மேலே இருந்தால்தான் சோறு இறங்கியது. அவர்கள் கறுப்புக் கிழவியின் படத்தைப் போட்டு மாவு விற்றார்கள், நாம் பூணூலைச் சொல்லி இட்லி விற்றோம். திசைதான் எதிர். இன்றைக்கும் கும்பகோணம், மயிலாப்பூர் என்று போர்டில் ஊரைப் போட்டுக்கொண்டு, உள்ளே வேறொன்றைச் சொல்லும் கடைகள் எத்தனை என்று நீங்களே எண்ணிப்பாருங்கள். நேராகவே சாதியை எழுதும் மெஸ்களை எண்ணவேண்டியதில்லை. தானே கண்ணில் படும்.

சாம்போஸ் கடை எங்கேயோ போய்விட்டது. 1979-ல் 47 மாகாணங்களில் 1,117 கிளைகள். மேனேஜருக்கு லாபத்தில் பங்கு என்று ஒரு திட்டம் வைத்திருந்தார்கள், அதில் வளர்ந்தது, அதை மாற்றப்போய் ஆட்டம் கண்டது. ஆட்டம் கண்ட நேரத்தில் ஊர் ஊராகப் பெயர்ச் சண்டையும் சேர்ந்துகொண்டது. கறுப்பின மக்களும் மனித உரிமை ஆணையங்களும் இந்தப் பெயரோடு எங்கள் ஊருக்குள் வராதே என்றார்கள். கம்பெனி வளைந்துகொடுத்தது. சில ஊர்களில் ‘ஜாலி டைகர்’ என்று பெயர் மாற்றினார்கள். கவனித்தீர்களா? பையனை எடுத்துவிட்டுப் புலியை வைத்துக்கொண்டார்கள். கதை முழுக்கத் தின்ன முடியாத பையனைப் புலி கடைசியில் போர்டில் தின்றுவிட்டது. 1981-ல் கம்பெனி திவால் மனு கொடுத்தது. மிஞ்சிய ஒரே கடை, அதே சாண்டா பார்பரா கடை, 2020-ல் ஜார்ஜ் பிளாய்டு கொலைக்குப் பின் கிளம்பிய போராட்டங்களின்போது ‘சாட்ஸ்’ என்று பெயர் மாற்றிக்கொண்டது.

சாம்போவுக்காக நான் ஒரே ஒரு வக்காலத்து வாங்குவேன். போர்டில் நின்ற இந்தக் கூட்டம் முழுவதிலும் உட்கார்ந்து சாப்பிட்டவன் இவன் ஒருவன்தான். அதுவும் 169. மற்றவர்கள் எல்லாம் நின்றார்கள், சுமந்தார்கள், ஊற்றினார்கள்.

நிற்பதில் உலக சாதனை படைத்தவர் நம்ம சிங். கிளாஸ்கோவில் பாட்டர்சன் கம்பெனி 1876-ல் ‘கேம்ப் காபி’ என்று ஒரு பாட்டில் போட்டது. காபி என்பது மரியாதைக்குச் சொல்வது. உள்ளே சர்க்கரையும் சிக்கரியும், பெயருக்குக் கொஞ்சம் காபியும். பொடிக்கடையில் நின்று “சிக்கரி கம்மியா போடுங்கண்ணே” என்று கெஞ்சுகிற இனம் நாம். அவர்கள் அதையே பிரதானமாக வைத்துப் பட்டாளத்துக்கு விற்றார்கள். லேபிளில் கூடாரம். முன்னால் குட்டைப்பாவாடை கட்டிய ஸ்காட்லாந்து அதிகாரி ஒருவர் கால் நீட்டி உட்கார்ந்து காபி குடிக்கிறார். பக்கத்தில் தாடியும் தலைப்பாகையுமாக ஒரு சீக்கியர் தட்டு ஏந்தி நிற்கிறார். தட்டில் கேம்ப் காபி பாட்டில். அந்தப் பாட்டிலின் லேபிளிலும் ஓர் அதிகாரி உட்கார்ந்திருக்க, ஒரு சீக்கியர் தட்டோடு நிற்கிறார். அதிலும் ஒரு பாட்டில். உள்ளே போகப்போக எல்லா சிங்கும் நின்றுகொண்டேதான் இருக்கிறார்கள், ஒருவருக்கும் நாற்காலி இல்லை.

இருபதாம் நூற்றாண்டின் நடுவில் கம்பெனிக்கு மனசாட்சி லேசாக உறுத்தியது. நாற்காலி கொடுக்கவில்லை, தட்டை மட்டும் எடுத்தார்கள். சும்மா நிற்கலாம் என்று சலுகை. சாம்ராஜ்யம் போயிற்று, பாகிஸ்தான் பிரிந்தது, பசுமைப் புரட்சி வந்தது, மன்மோகன் சிங் பிரதமரே ஆகிவிட்டார். லேபிள் சிங் மட்டும் நின்றுகொண்டே இருந்தார். 2006-ல்தான் உட்காரச் சொன்னார்கள். கையில் கப்பும் சாசரும் கொடுத்தார்கள். நம்ம அரசாங்க ஆபீஸ்களைப் பற்றி இனி யாரும் குறைசொல்லக் கூடாது. அங்கே அதிகபட்சம் சாயங்காலத்துக்குள் உட்காரச் சொல்லிவிடுவார்கள்.

தேயிலைக் கதையில் மட்டும் எனக்குச் சிரிப்பு அவ்வளவாக வராது. இருந்தாலும் சொல்கிறேன். தாமஸ் லிப்டன் 1890-ல் இலங்கை மலையில் தோட்டங்களை வாங்கினார். தோட்டத்திலிருந்து நேரே உங்கள் கெண்டிக்கு என்பது அவருடைய வியாபாரப் பேச்சு. அதை நம்பவைக்க விளம்பரங்களில் கொழுந்து பறிக்கும் தமிழ்ப்பெண்ணை நிறுத்தினார். கூடை, முக்காடு, பல் தெரியச் சிரிப்பு. திருச்சி, புதுக்கோட்டை, ராமநாதபுரம், சேலம் பக்கமிருந்து பஞ்சம் பிழைக்கப் போன சனம். அட்டை கடித்த காலோடு ஒரு பெண் எப்படி இப்படிச் சிரிப்பாள் என்று லண்டனில் தேநீர் குடித்தவர்கள் யாரும் யோசித்திருக்க முடியாது. அவர்கள் பார்த்த படத்தில் அட்டை இல்லை, சிரிப்பு மட்டும்தான். 1948-ல் சுதந்திர இலங்கை கொண்டுவந்த குடியுரிமைச் சட்டம் இந்த மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்கள் ஆக்கியது. அவர்கள் தொகை ஏழு லட்சத்துக்கு மேல். பாக்கெட்டில் முகம் உண்டு, வாக்காளர் பட்டியலில் பேர் கிடையாது. 1964-ல் சிறிமாவோவும் சாஸ்திரியும் மேசைக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்து, உனக்கு இத்தனை பேர், எனக்கு இத்தனை பேர் என்று ஆட்டுச்சந்தை மாதிரி பங்கு போட்டார்கள். இப்போது சிலோன் தேயிலைக்கு அதிகாரபூர்வ சின்னம் சிங்கம். வாளேந்திய சிங்கம். அது கொழுந்து பறித்ததாக எந்தத் தோட்டத்துக் கணக்கப்பிள்ளையும் பேர் போடவில்லை.

பழைய கதை என்று தள்ளிவிட முடியாதபடி 2012-ல் ஒருவர் வந்தார். பாப்சிப்ஸ் என்ற அமெரிக்க உருளைக்கிழங்கு வறுவல் கம்பெனிக்காக நடிகர் ஆஷ்டன் குட்சர் முகத்தில் பழுப்புச் சாயம் பூசி, மீசை ஒட்டி, ‘ராஜ்’ என்ற பாலிவுட் தயாரிப்பாளராக விளம்பரத்தில் ஆடினார். எதிர்ப்புக் கிளம்பியதும் சில நாளில் விளம்பரத்தை எடுத்துவிட்டார்கள். உலகத்தில் கோடிக்கணக்கான ராஜ்கள் வேலை தேடிக்கொண்டிருக்கும்போது சாயத்துக்குச் செலவு செய்தது வியாபார ரீதியாகவும் மடத்தனம்.

நாமும் சாயம் பூசுகிறவர்கள்தான், எதிர்ப்பக்கமாக. எங்கள் ஊர் மளிகைக்கடையில் தொங்கும் சாம்பார்ப் பொடி, ரசப் பொடிப் பாக்கெட்டுகளில் சிரிக்கும் அம்மணிகளை நான் பலமுறை உற்றுப் பார்த்திருக்கிறேன். பட்டுப்புடவை, மல்லிகை, கையில் ஆவி பறக்கும் கிண்ணம். நிறம் பசும்பால். இந்த மாவட்டத்தில் எந்த அடுப்பங்கரையிலும் இந்த அம்மணியை நான் கண்டதில்லை. எங்கள் ஊரில் சாம்பார் வைக்கிறவர்கள் எல்லாம் மாநிறத்துக்கு அந்தப் பக்கம். முந்திரிப் பாக்கெட் இன்னும் விசேஷம். முந்திரிக்கொட்டையை உடைக்கும் பெண்களின் விரல்கள் ஓட்டு எண்ணெயில் கறுத்து, தோல் உரிந்து, சோறு பிசையும்போது எரியும். பாக்கெட்டில் பச்சை இலை இருக்கும், சிவந்த பழம் இருக்கும், லட்சுமிகூட இருப்பாள். விரல் இருக்காது. அவர்கள் கறுப்பு முகத்தைப் போட்டு விற்றது ஒரு தப்பு என்றால், கறுத்த விரலை மறைத்து விற்பது எந்தக் கணக்கில் சேரும் என்று தெரிந்தவர்கள் சொல்லலாம். அமெரிக்காக்காரரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்த எங்கள் பெரியப்பா இந்த இடம் வந்ததும், “போதும்டா, டீயைக் குடி” என்றார்.

மாவும் அரிசியும் பாக்கி. மாவைச் சீக்கிரம் முடித்துவிடலாம். 1889-ல் மிசௌரியில் பான்கேக் மாவு விற்ற ஒருவர், கறுப்பர்களைக் கேலிசெய்யும் மேடைப்பாட்டு ஒன்றிலிருந்து ‘ஆன்ட் ஜெமைமா’ என்ற பெயரை எடுத்து ஒட்டினார். அடிமையாகப் பிறந்த நான்சி கிரீன் என்ற அம்மாளை 1893 சிகாகோ கண்காட்சியில் ஜெமைமா வேஷத்தில் நிறுத்திப் பான்கேக் சுடவைத்தார்கள். கூட்டம் அலைமோதியது. பெட்டியின் மேல் சிரித்தபடி இருந்த அந்த வேஷம் 130 வருஷம் சம்பாதித்தது. 1923-ல் இறந்த நான்சி கிரீனின் கல்லறைக்குப் பெயர்ப்பலகை வைக்க 2020 ஆயிற்று, அதையும் வைத்தது கம்பெனி அல்ல. மறுவருஷம் பாக்கெட்டிலிருந்து பெயரையும் எடுத்துவிட்டார்கள்.

அரிசியில்தான் எனக்குச் சொந்தத் தகராறு இருக்கிறது. ‘அங்கிள் பென்ஸ்’ என்று ஓர் அமெரிக்க அரிசி. வெள்ளைத் தலையும் வில் டையுமாக ஒரு கறுப்புக் கிழவர் படம். சிகாகோ ஓட்டல் ஒன்றில் பரிமாறுகிறவர்களின் தலைவராக இருந்த பிராங்க் பிரவுன் என்பவரின் முகம் அது என்பார்கள். அங்கே கறுப்பின ஆண்களை ‘மிஸ்டர்’ போட்டுக் கூப்பிட மனமில்லாதவர்கள் ‘அங்கிள்’ என்று கூப்பிடும் வழக்கம் இருந்தது. நம்ம ஊரில் பெரியவர் ஒருவரைப் பேர்சொல்லிக் கூப்பிட வாய் வராமல் மாமா என்போம். அங்கே மரியாதை கொடுக்க வாய் வராமல் மாமா என்றார்கள். 2007-ல் கம்பெனிக்கு ஒரு ஞானோதயம் வந்து, பென் மாமாவை விளம்பரத்தில் கம்பெனித் தலைவராகப் பதவி உயர்த்தினார்கள். பெரிய மேசை, பெரிய அறை, எல்லாம் போட்டார்கள். சம்பளம் மட்டும் இல்லை, ஆளே இல்லையே. 2020-ல் தலைவரை ஒரே அறிவிப்பில் வீட்டுக்கு அனுப்பினார்கள். புதுப்பெயர் ‘பென்ஸ் ஒரிஜினல்’.

அந்தப் பெட்டிக்குள் இருப்பது என்ன தெரியுமா? புழுங்கலரிசி. நெல்லை ஊறப்போட்டு, அவித்து, காயவைத்துப் பிறகு அரைப்பது. அப்படிச் செய்தால் தவிட்டில் இருக்கும் பி விட்டமின் அரிசிக்குள் இறங்கும், அரைத்தாலும் போகாது. தீட்டிய பச்சரிசியே கதி என்று இருந்த நாடுகளில் ஆயிரக்கணக்கானோர் பெரிபெரி நோயில் கால் வீங்கிச் செத்தபோது புழுங்கல் தின்றவர்கள் தப்பித்தார்கள். ஹூசன்லாப் என்ற ஜெர்மானிய ரசாயனக்காரர் இந்தியாவில் புழங்கிய நெல் அவிக்கும் வித்தைக்கு ஓர் இயந்திர வழி கண்டுபிடித்துக் காப்புரிமை வாங்கிக்கொண்டார். அது ஹூஸ்டனுக்குப் போய், ‘மாற்றப்பட்ட அரிசி’ என்ற பெயரில் இரண்டாம் உலகப்போரில் அமெரிக்கப் பட்டாளத்துக்குச் சோறாகி, போர் முடிந்ததும் பென் மாமா படத்தோடு கடைக்கு வந்தது. மாற்றப்பட்டதாம். எங்கள் பாட்டிகள் அண்டாவில் நெல்லைக் கொட்டி, விறகு தள்ளி, ஆவி மேலே வந்ததும் களத்தில் கொட்டிக் காலால் கிளறினார்களே, அதற்கு யார் காப்புரிமை கொடுத்தார்கள்? பட்டணத்துச் சொந்தக்காரர்கள் வந்தால் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள், அந்த வாசனைக்கு மட்டும்தான் எங்களுக்குப் பாத்தியதை.

வடலூரில் 1867-ல் வள்ளலார் பற்றவைத்த அடுப்பு இன்றுவரை அணையவில்லை, யார் வந்தாலும் சோறு உண்டு. அதன் படத்தைக்கூட எவரும் பெட்டியில் போட்டு விற்கவில்லை. போட்டால் சாதி, மதம் கேட்காத அடுப்பு என்று எழுதவேண்டி வரும், எந்தச் சந்தையிலும் விலை போகாது.

ஆகவே அங்கிள் பென்ஸின் சொந்தக்காரர்களான மார்ஸ் கம்பெனிக்கு ஒரு விண்ணப்பம். கிழவர் படத்தை எடுத்தீர்கள், சரி. மாமா என்பதை எடுத்தீர்கள், அதுவும் சரி. கையோடு அந்த ‘ஒரிஜினல்’ என்பதையும் எடுத்துவிடுங்கள். சந்தேகம் இருந்தால் கடலூரில் விருத்தாசலம் பஸ் ஏறி, குள்ளஞ்சாவடியில் இறங்குங்கள். நெல் அவித்துக் கை காய்த்த ஆயாக்கள் இன்னும் இருக்கிறார்கள், யாரைக் கேட்டாலும் வீட்டைக் காட்டுவார்கள். சோறு போடுவார்கள், உட்கார்ந்து சாப்பிடலாம். படம் மட்டும் எடுக்க வேண்டாம்.